கங்காணி முதல் கைப்பேசி வரை: கண்காணிப்பும் தனியுரிமையும் நீதிமன்றமும்



இன்றைய பொழிவின் பொருள் சட்டமும் வரலாறும் கலந்தது. ஆயினும் மொழிக்கான அவையில் நிற்பதால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அச்சொல் ‘கங்காணி’. இந்நாட்டில் பிறந்த தமிழர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டனும் பாட்டியும் அச்சத்தோடும், சில வேளை உறவோடும் அழைத்த பெயர் அது. ‘கண்காணி’ என்பதன் பேச்சு வழக்கே அச்சொல். கண்ணால் காண்பவன், மேற்பார்வையிடுபவன் என்பது பொருள்.

இச்சொல்லுக்குத் தோட்டத்தைவிட நீண்ட வயதுண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்வையிட்டோரின் பணிப்பெயராக அது வருகிறது. பொதுச் சொத்து முறையாகச் செலவாகிறதா, விளக்குக்கு அளந்த எண்ணெய் விளக்குக்குச் சென்றதா, நிலத்து நெல் பண்டாரம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது அத்தகையோர் கடன். அங்கே கண்காணிப்பு, பொறுப்பில் இருப்பவர்மேல் விழுந்த பார்வை. மலாயாவின் ரப்பர்க் காட்டிற்கு வந்தபோது அதே சொல் திசைமாறியது. பொறுப்பில் இருப்பவர் எளியோர்மேல் வைக்கும் பார்வையாயிற்று.

இந்தத் திசைமாற்றத்தின் வரலாற்றைத்தான் இன்று பேச விழைகிறேன். அரசு குடிமக்களைப் பார்க்கிறது. எக்காலத்திலும் பார்த்தே வந்திருக்கிறது. பார்க்கலாமா கூடாதா என்பதைவிட முதன்மையான கேள்விகள் மூன்று. எந்தச் சட்டத்தின்படி பார்க்கிறது? எதற்காக, எவ்வளவு காலத்திற்குப் பார்க்கிறது? பார்ப்பவரைச் சரிபார்ப்பவர் யார்? இம்மூன்று கேள்விகளையும் நீதிமன்றங்கள் எப்போது கேட்டன, எப்போது கேட்கத் தவறின என்பதே நாம் காணப்போகும் வரலாறு.

1. தோட்டத்தின் கண்

கங்காணி முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஓங்கி நின்றது. தோட்டத்தில் வேலைசெய்த ஒருவரே தம் ஊருக்குத் திரும்பிச் சென்று, உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். வழிச்செலவுக்கும் முன்பணத்துக்கும் அவரே பொறுப்பு. அக்கடனே தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிய கயிறு. வேலைக்கு வந்த ஆட்களின் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கிடைத்தது. ஆகவே ஒவ்வொரு தலையையும் எண்ணுவதில் அவருக்கு ஊதியம் இருந்தது.

விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணப்பட்டது. வராதவரைத் தேடி லயத்துக்கே கங்காணி வந்தார். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அதன் கதவும் திண்ணையும் தோட்டத்துக்குச் சொந்தம். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தார், யார் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக எண்ணுகிறார் என்பனவெல்லாம் மேலிடத்துக்கு எட்டின. ‘என் வீடு’ என்று சொல்லிக்கொள்ள ஓரிடம் இல்லாதவர்க்குத் ‘தனியுரிமை’ என்ற சொல்லே எட்டாத ஒன்று.

1938-இல் இந்திய அரசு, உதவிபெற்று மலாயா செல்லும் தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதித்தது. அத்தோடு கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை முடிவுற்றது. ஆயினும் பார்க்கப்படுவது வாழ்க்கையின் இயல்பு, அதைக் கேள்வி கேட்க இடமில்லை என்ற பழக்கம் மனத்தில் தங்கிவிட்டது. நம் சமூகத்தின் நினைவில் கண்காணிப்பின் முதல் அடுக்கு இதுவே.

2. அஞ்சலின் கண்

தோட்டத்தின் கண்ணுக்குச் சட்டநூல் தேவைப்படவில்லை. வல்லாட்சியின் கண்ணுக்கோ சட்டநூல் தேவைப்பட்டது. ஆங்கிலேயர் இந்தியாவில் இயற்றிய இரு சட்டங்கள் இங்கே குறிக்கத்தக்கவை. ஒன்று 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். மற்றொன்று 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம். பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்னும் காரணங்களைக் காட்டித் தந்தியையும் அஞ்சலையும் இடைமறிக்க இவை அரசுக்கு இடமளித்தன.

இவ்வதிகாரம் எவ்வாறு இயங்கியது என்பதற்குத் தமிழுலகம் நன்கறிந்த சான்று பாரதியார். 1908-இல் அவர் ஆங்கிலேயர் பிடியிலிருந்து விலகிப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். எல்லைக்கு அப்பால் நின்றவரைக் கைதுசெய்ய இயலவில்லை. ஆனால் அவருடைய அஞ்சலுக்கு எல்லைக்காப்பு இல்லை. ஒற்றர்கள் அவர் தங்கிய தெருவைச் சுற்றி வந்தனர். கடிதங்கள் தடுக்கப்பட்டன. ‘இந்தியா’ இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைவது தடுக்கப்பட்டதால் அது 1910-இல் நின்றுபோயிற்று. 1911-இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபின் கெடுபிடி மேலும் இறுகியது. 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைக் கடந்தவுடன் பாரதியார் கைதுசெய்யப்பட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்தாண்டுக் காலம் ஒரு கவிஞரின் கடிதம் பிரிக்கப்பட்டபோது, ‘இதற்கு ஆணையிட்டது யார், காரணம் என்ன’ என்று கேட்டு அவர் செல்லக்கூடிய நீதிமன்றம் இல்லை. சட்டம் இருந்தது, சரிபார்ப்பு இல்லை. நம் மூன்று கேள்விகளில் முதலாவதற்கு மட்டுமே வல்லாட்சி விடை வைத்திருந்தது.

3. முள்வேலியின் கண்

அதே வல்லாட்சியின் இன்னொரு பகுதியான மலாயாவுக்குத் திரும்புவோம். 1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்கொள்ள அரசு எடுத்த முதல் நடவடிக்கைகளுள் ஒன்று மக்கள் பதிவு. 12 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவர்க்கும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் பதிந்த அடையாள அட்டை வழங்கப்பட்டது. கிளர்ச்சியாளர்கள் இவ்வட்டையின் ஆற்றலை உடனே உணர்ந்தனர். அட்டைகளைப் பறித்து அழித்தனர். படமெடுக்க வந்தவர்களைத் தாக்கினர். ஒரு சிறு அட்டைக்காக இரு தரப்பும் போரிட்டன.

1950-இல் லெப்டினன்ட் ஜெனரல் ஹெரால்டு பிரிக்ஸ் வகுத்த திட்டம் செயலுக்கு வந்தது. அத்திட்டம் தெற்கிலிருந்து, நம் ஜொகூர் மாநிலத்திலிருந்துதான் தொடங்கியது. காட்டோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், நாடெங்கும் சுமார் 480 புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். கூலாய், யோங் பெங் போன்ற ஜொகூர் ஊர்கள் அந்நாளைய செய்திகளில் அடிக்கடி இடம்பெற்றன. இதே காலத்தில் தோட்டத்துத் தமிழர்க்கும் ஒரு மாற்றம் நேர்ந்தது. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. புதுக்கிராமங்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

வேலியின் வாசலில் அட்டை பார்க்கப்பட்டது. பால்மரம் சீவச் செல்வோரின் பைகளும் தூக்குகளும் சோதிக்கப்பட்டன. ஒரு பிடி அரிசி காட்டுக்குள் சென்றால் அது கிளர்ச்சியாளருக்கு உணவாகும் என்பது கணக்கு. உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த பகுதிகளில் மதிய உணவைக்கூட வெளியே எடுத்துச் செல்ல முடியவில்லை. இருட்டியபின் ஊரடங்கு. நாடு ஒரு மெய்யான ஆயுதக் கிளர்ச்சியை எதிர்கொண்டது என்பதை மறுக்க முடியாது. உயிரிழந்தோரில் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தனர். ஆயினும் இக்காலத்தில் உருவான கருவிகள் இக்காலத்தோடு முடிந்தனவா என்பது வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி.

முடியவில்லை. அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிவுக்கு வந்தது. அடையாள அட்டை, 1959-ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டத்தின் வழி நிலையான ஏற்பாடாயிற்று. 2001-இல் அது சில்லு பதித்த மைகார்டு ஆயிற்று. நெருக்கடிக்கெனப் பிறந்தது அன்றாடத்துக்கெனத் தங்கியது.

இதைக் குற்றமாக மட்டும் சொல்லிவிட்டுச் செல்ல என் மனம் இடந்தரவில்லை. காரணம், நம் சமூகத்துக்கு இதன் மறுபக்கமும் தெரியும். இதே நாட்டில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இன்றி, அடையாள அட்டை இன்றி, பள்ளிச் சேர்க்கைக்கும் மருத்துவமனைக்கும் அலைந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. நிரந்தரவாசியின் சிவப்பு அட்டையோடே முதுமை எய்தியவர்கள் உண்டு. அரசு உற்றுப் பார்ப்பது ஒரு துன்பம் என்றால், அரசின் பார்வையில் படாமலே போவது இன்னொரு துன்பம். ஆகவே, ‘எங்களைப் பார்க்காதே’ என்பது நம் கோரிக்கையாக இருக்க முடியாது. ‘சட்டப்படி பார், தேவைக்கு மட்டும் பார், பார்த்ததற்குக் கணக்குக் கொடு’ என்பதே நம் கோரிக்கையாக இருக்க முடியும்.

4. நீதிமன்றக் கதவு சாத்தப்பட்டதும் திறந்ததும்

அவசரகாலம் முடிந்த மறுநாள், 1960 ஆகஸ்டு 1 அன்று, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மக்கள் வழக்கில் அது ‘இசா’. விசாரணையின்றித் தடுத்துவைக்க அது அதிகாரம் தந்தது. தடுப்புக் காவலின் அடித்தளம் இரகசியத் தகவல். இரகசியத் தகவலின் அடித்தளம் கண்காணிப்பு. ஒருவரைக் குற்றம் சாட்டி நீதிமன்றத்தில் நிறுத்தினால், அவரைப் பற்றிய தகவல் எவ்வாறு கிடைத்தது, அது மெய்யா என்று குறுக்கு விசாரணை செய்யலாம். விசாரணையே இல்லை என்றால் அத்தகவலைச் சரிபார்க்க வழியே இல்லை. 1989-இல் வந்த திருத்தம், அமைச்சரின் தடுப்புக் காவல் முடிவை நடைமுறைக் குறை தவிர வேறு காரணத்துக்காக நீதிமன்றம் ஆராய்வதைத் தடுத்தது. மூன்றாம் கேள்விக்குரிய கதவு ஏறக்குறைய முழுவதும் சாத்தப்பட்டது.

2012-இல் இசா நீக்கப்பட்டு, ‘சொஸ்மா’ எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் சிறப்பு நடவடிக்கைச் சட்டம் வந்தது. இதன்கீழ்க் குற்றச்சாட்டும் விசாரணையும் உண்டு என்பது முன்னேற்றம். ஆனால் குற்றச்சாட்டுக்கு முன் 28 நாள் வரை காவலில் வைக்கலாம். தகவல் தொடர்பை இடைமறிக்கும் அதிகாரத்தை அதன் 6-ஆம் பிரிவு அளிக்கிறது. அதற்கு ஒப்புதல் தருபவர் அரசுத் தரப்பின் தலைமை வழக்குத் தொடுநர், நீதிபதி அல்லர். அவசரச் சூழலில் சூப்பரிண்டென்டன்ட் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி முன் ஒப்புதலின்றியே செயல்படலாம். 1998-ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டமும் இடைமறிப்புக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தை வழக்குத் தொடுநரிடமே விட்டது. வழக்கை நடத்தப்போகிறவரே அதற்கான ஒட்டுக்கேட்புக்கு ஒப்புதல் தருகிறார் என்பது இதன் பொருள்.

இச்சட்டம் தமிழரைத் தொட்ட ஒரு நிகழ்வு அண்மைக் காலத்தது. 2019 அக்டோபரில், தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்பு என்ற ஐயத்தில் 12 பேர் சொஸ்மாவின்கீழ்க் கைதுசெய்யப்பட்டனர். அவர்களுள் மலாக்கா, நெகிரி செம்பிலான் சட்டமன்ற உறுப்பினர் இருவரும் இருந்தனர். அவ்வியக்கம் இந்நாட்டில் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிடப்பட்ட ஒன்று. பன்னிருவர்மேலும் 34 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. கைப்பேசியில் இருந்த படங்களும் முகநூல் பதிவுகளும் அக்குற்றச்சாட்டுகளில் இடம்பெற்றன. ஒருவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறு கருவியே அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கும் காலம் வந்துவிட்டதை நம் சமூகம் அன்று உணர்ந்தது.

2019 நவம்பர் 29 அன்று கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் முகமட் கசாலி, பிணை வழங்குவதைத் தடுக்கும் சொஸ்மாவின் 13-ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். பிணை தரலாமா என்று எண்ணிப் பார்ப்பது நீதிமன்றத்தின் பணி. அப்பணியை நாடாளுமன்றம் பறித்துக்கொள்ள இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அத்தீர்ப்பே இறுதிச் சொல் ஆகிவிடவில்லை. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு நீதிபதி கேட்டுவிட்டார். 2020 பிப்ரவரி 21 அன்று, அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் பன்னிருவர்மீதான எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். இறந்துபோன ஒரு தலைவரின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதோ முகநூலில் இடுவதோ ஒருவரைப் பயங்கரவாதி ஆக்கிவிடாது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. நான்கு மாதங்களுக்கு மேல் காவலில் இருந்தவர்கள் வீடு திரும்பினர்.

அவ்வியக்கத்தைப் பற்றி இங்கிருப்போர் வெவ்வேறு கருத்துக் கொண்டிருக்கலாம். அது இன்றைய பொருளன்று. கைப்பேசியில் கண்டதற்கும் குற்றம் என்று மெய்ப்பிக்கத்தக்கதற்கும் இடையே எவ்வளவு தொலைவு உண்டு என்பதை இவ்வழக்கு காட்டியது. அந்தத் தொலைவை அளப்பவரே நீதிபதி. அவர் தொடக்கத்திலேயே அளந்திருந்தால் அந்த நான்கு மாதங்கள் என்னவாயிருக்கும்?

5. எழுதப்படாத உரிமை

இனி, தனியுரிமை என்னும் உரிமை நம் அரசமைப்பில் எங்கே உள்ளது என்று பார்ப்போம். மலேசியக் கூட்டரசு அரசமைப்பில் ‘தனியுரிமை’ என்ற சொல் இல்லை. சட்டத்துக்கு இணங்கவன்றி எவருடைய உயிரும் தன்னுரிமையும் பறிக்கப்படலாகாது என்று 5-ஆம் பிரிவு கூறுகிறது. இது இந்திய அரசமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு நெருங்கிய உறவுடையது. இந்திய அரசமைப்பிலும் அச்சொல் இல்லை. எனவே இந்திய நீதிமன்றங்கள் நடந்த பாதையை அறிவது நமக்குத் துணையாகும்.

அப்பாதை தோல்வியில் தொடங்கியது. 1954-இல் எட்டு நீதிபதிகள் அடங்கிய அமர்வு, சோதனையிட்டு ஆவணங்களைக் கைப்பற்றும் அதிகாரத்தை எதிர்த்த வழக்கில், தனியுரிமை அரசமைப்பில் இல்லை என்றது. 1962-இல் கரக் சிங் வழக்கில், காவலர் நள்ளிரவில் கதவைத் தட்டுவது செல்லாது என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், தனியுரிமை அடிப்படை உரிமையன்று என்றும் அதே மூச்சில் சொல்லியது. நீதிபதி சுப்பா ராவ் உடன்படவில்லை. பார்க்கப்படுகிறோம் என்ற அச்சத்தோடு நடமாடுபவர் உண்மையில் சிறையில் இருப்பவரே என்னும் கருத்துப்பட அவர் தனித் தீர்ப்பு எழுதினார். அந்நாளில் அது சிறுபான்மைக் குரல்.

தமிழ்நாட்டு வழக்கொன்று அக்குரலுக்கு வலுச்சேர்த்தது. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முற்பட்டது. அதில் அதிகாரிகள் சிலரோடு அவருக்கிருந்த தொடர்பு பேசப்பட்டதால் வெளியீட்டைத் தடுக்க முயற்சி நடந்தது. 1994-இல் இந்திய உச்ச நீதிமன்றம் இரு கூறுகளைத் தெளிவாக்கியது. தன்னைத் தன்போக்கில் விடுமாறு கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. ஆனால் பொதுப்பணியில் இருப்பவர், தம் பணிதொடர்பான செயல்களை மறைக்க அவ்வுரிமையைத் திரையாக்கிக் கொள்ள முடியாது. சோழர் காலக் கண்காணி பார்த்த திசையை இத்தீர்ப்பு நினைவூட்டுகிறது. எளியவரின் வீட்டுக்கு மறைப்பு வேண்டும். அதிகாரத்தின் கணக்குக்கு வெளிச்சம் வேண்டும்.

1996-இல் தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கு வந்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமே அப்போதும் நடப்பில் இருந்தது. உள்துறைச் செயலாளர் மட்டுமே ஆணையிடலாம், ஆணை இரு மாதத்துக்கு மட்டுமே செல்லும், எவ்வகையிலும் ஆறு மாதத்தை மீறலாகாது, மறுஆய்வுக் குழு அதனைப் பரிசீலிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் நெறிகள் வகுத்தது. ஆனால் முன்கூட்டியே நீதிபதியின் ஒப்புதல் பெற வேண்டும் என்னும் கோரிக்கையை அது ஏற்கவில்லை. 2017 ஆகஸ்டு 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்றனர். ஏன் ஒன்பது பேர்? 1954-இல் எட்டு நீதிபதிகள் சொன்னதை மாற்ற எட்டுக்கு மேற்பட்டோர் தேவைப்பட்டனர். சுப்பா ராவின் சிறுபான்மைக் குரல் 55 ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் சட்டமாயிற்று.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இவ்வழியில் மேலும் ஓரடி வைத்தார். இலஞ்ச வழக்கொன்றில் 2011-இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை அவர் செல்லாது என்று தள்ளினார். குற்றத்தைக் கண்டுபிடிக்க மறைவாக ஒட்டுக்கேட்பது ‘பொது நெருக்கடி’ ஆகாது என்றும், கிடைத்த செய்தி மறுஆய்வுக் குழுவின்முன் வைக்கப்படவில்லை என்றும் காரணம் காட்டினார். 1996-இல் எழுதிய நெறி ஏட்டோடு நின்றுவிடாமல் ஒரு வழக்கில் பயன் தந்தது இவ்வாறுதான்.

6. நம் மண்ணின் தீர்ப்புகள்

மலேசியாவில் இவ்வரலாறு இன்னும் இளமையானது. நாடாளுமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான சிவராசா ராசையா, அரசியல்வாதிகள் வழக்கறிஞர் மன்றப் பொறுப்புக்கு வருவதைத் தடுக்கும் விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். தனியுரிமைக்கும் அவ்வழக்குக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வழக்கில் அவர் வெற்றி பெறவுமில்லை. ஆனால் 2010-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதிகளில் வெளிவந்த அத்தீர்ப்பில், கூட்டரசு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் ஒரு கருத்தைப் பதிந்தார். 5-ஆம் பிரிவில் வரும் ‘தன்னுரிமை’ என்பதற்குள் தனியுரிமை போன்ற பிற உரிமைகளும் அடங்கும் என்பது அது. தோற்ற வழக்கொன்றில் விழுந்த விதை பின்னாளைய வழக்குகளில் முளைத்து வருகிறது.

அடுத்த ஆண்டு நம் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் ஒரு சிறு வழக்கு தீர்ப்பானது. பக்கத்து வீட்டார் பொருத்திய கண்காணிப்புக் கேமரா, தம் வீட்டு முற்றத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு குடும்பம் முறையிட்டது. தம் வீட்டைக் காக்கக் கேமரா வைக்கும் உரிமை உண்டு. ஆனால் அது அடுத்தவர் வீட்டுக்குள் இடைவிடாது பார்க்கும் உரிமை ஆகாது என்னும் நோக்கில் நீதிமன்றம் அக்குடும்பத்தின் தனியுரிமையை ஏற்றது. அரசமைப்பின் பெருஞ்சொற்கள் ஒரு தாமானின் வாசல்வரை வந்து சேர்ந்ததற்கு இவ்வழக்கு சான்று.

ஆயினும் ஒரு பெரிய இடைவெளி உள்ளது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வங்கியும் கடையும் தொலைபேசி நிறுவனமும் நம் விவரங்களை எவ்வாறு கையாள வேண்டும் என அது விதிக்கிறது. ஆனால் கூட்டரசு அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது என அதன் 3-ஆம் பிரிவே கூறுகிறது. நம்மைப் பற்றி மிகுதியாக அறிந்திருப்பவரே அச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். 2017-இல் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி வெளிவந்தது. நாட்டின் மக்கள்தொகையை விஞ்சிய எண்ணிக்கை அது. 2025 ஜூனில், தொடர்பு பல்லூடக ஆணையம் தொலைபேசி நிறுவனங்களிடம் அழைப்புப் பதிவுகளைக் கேட்டது பேசுபொருளாயிற்று. புள்ளிவிவரத் தேவைக்கே அவை கேட்கப்பட்டன, பெயர் அடையாளம் அவற்றில் இல்லை என ஆணையம் விளக்கியது. அவ்விளக்கத்தைச் சரிபார்ப்பவர் யார் என்ற மூன்றாம் கேள்வி மக்கள் மனத்தில் நின்றது.

7. வகுப்பறைக்கு ஒரு விண்ணப்பம்

திருக்குறளில் ஒற்றாடல் என்றோர் அதிகாரம் உண்டு. அரசுக்கு ஒற்று வேண்டும் என்று வள்ளுவர் தயங்காமல் கூறுகிறார். அதே அதிகாரத்தில், ஒரு ஒற்றர் கொணர்ந்ததை இன்னோர் ஒற்றரைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்றும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால்தான் அதைத் தெளிய வேண்டும் என்றும் விதிக்கிறார். கண்காணிப்பைப் பேசும் இடத்திலேயே சரிபார்ப்பையும் பேசுகிற மரபு நம்முடையது. தனியுரிமை மேலைநாட்டார் நமக்குத் தந்த புதுச்சரக்கு என்று சொல்வோர்க்கு இவ்வதிகாரத்தைக் காட்டலாம்.

இறுதியாக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்பேன். பள்ளியொன்றின் புலனக் குழுவில் ஒரு வகுப்பு முழுவதன் பெயர்ப் பட்டியல் பகிரப்பட்டதை நான் கண்டேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அடையாள அட்டை எண் இருந்தது. தீய எண்ணம் எதுவுமில்லை. பயணப் பதிவுக்காக யாரோ அவசரத்தில் அனுப்பியது. ஆனால் அந்த 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம். 01 என்றால் ஜொகூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். நாற்பது குழந்தைகளின் விவரம் எண்பது பெற்றோரின் கைப்பேசிக்குப் போய்விட்டது. அதைத் திரும்பப் பெற வழியில்லை.

அரசிடம் மூன்று கேள்விகளைக் கேட்கும் நாம், அதே கேள்விகளை நம்மிடமும் கேட்க வேண்டும். இந்த விவரத்தை எந்த உரிமையில் வாங்குகிறோம்? எதற்காக, எத்தனை நாள் வைத்திருப்போம்? தவறு நேர்ந்தால் யாரிடம் கணக்குக் கொடுப்போம்? வகுப்பறையில் இக்கேள்விகளைக் கேட்டுப் பழகிய மாணவர் நாளை வழக்கறிஞராகவோ, காவல் அதிகாரியாகவோ, நீதிபதியாகவோ ஆகும்போதும் அவற்றை மறவார். நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி எங்கோ ஒரு பள்ளியில் கற்றுக்கொண்ட கேள்வியாகத்தான் இருக்கும்.

நம் முன்னோர் பெரட்டில் தலை எண்ணப்பட்டபோது வாய்திறக்க இடமில்லாதிருந்தனர். இன்று நமக்கு அரசமைப்பு உண்டு, நீதிமன்றம் உண்டு, கேள்வி கேட்க மொழியும் உண்டு. ‘கண்காணி’ என்னும் பழஞ்சொல்லை அதன் பழைய பொருளுக்குத் திருப்பித் தருவோம். அதிகாரத்தின் கணக்கைப் பார்க்கும் கண் குடிமக்களின் கண்ணாக இருக்கட்டும்.